பிந்தி வந்த பதில்

திருச்சிராப்பள்ளி,
27 ஜூன் 1938

நோயல்,

எந்தக் கடிதத்தையும் 'இயேசு மரி சூசை' என்று மேலே எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். இன்று எழுதவில்லை. இந்தக் காகிதம் முழுக்கக் கோபம்தான் இருக்கப்போகிறது. அந்த மூன்று பேரையும் இதில் இழுக்க வேண்டாம்.

புதன்கிழமை அப்பாவின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் முத்தமிடக் குனிந்தேன். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலேயே கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று உன் மனைவி பவுலின் சொன்னாள். ஒரு பக்கம் துணி நழுவியிருந்ததால் சரிசெய்ய விரலை விட்டேன். தையல் தட்டுப்பட்டது. ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காது வரைக்கும், கோணி மூட்டைக்குப் போடுகிற மாதிரி பெரிய பெரிய தையல்.

வீட்டில் அத்தனை பேர் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். கல்லறையில் மண் போட்டதும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஜட்கா பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அக்காவுக்கு என்ன வந்தது என்று நீ பவுலினிடம் கேட்டிருப்பாய். இதுதான் வந்தது.

செத்தவர் தலையைத் திறக்க யார் அனுமதி கொடுத்தது? பெற்ற பிள்ளைகள் நாம் இரண்டு பேர். நான் கொடுக்கவில்லை. மிச்சம் யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை உன் கையால் எழுதி நான் படிக்க வேண்டும். ஏன் என்றும் எழுது. சுற்றி வளைக்காதே. உனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். நீ எங்கே தடுமாறுவாய் என்று எனக்குத் தெரியும்.

பிரிஜெட்


ஜோகுபாளையம், பெங்களூர்,
1 ஜூலை 1938

அக்காவுக்கு,

நான்தான் கையெழுத்துப் போட்டேன். எழுதிவிட்டேன், போதுமா?

ஏன் என்றும் கேட்டிருக்கிறாய். கடைசி மூன்று மாதம் அப்பா மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார் அல்லவா, அங்கே அவரைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ஆராவமுதன். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர். அப்பா இறந்த அரை மணி நேரத்துக்குள் என்னைத் தனியாக அழைத்தார். மூளையை எடுத்துப் பார்க்க அனுமதி வேண்டும் என்றார். அப்பாவுக்கு என்ன வியாதி என்று கடைசி வரை தனக்குப் பிடிபடவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றார். ஏழெட்டு வாரம் கழித்துச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார்.

அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டிருந்தது. குடி. தந்தி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் தந்தி அடிக்கிற சிக்னலராக இருந்தவர், நம் கோயில் பங்கில் மதுவிலக்குச் சபையைத் தொடங்கிவைத்தவர், அவர் மூளையைச் சாராயம் என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. சபையின் பெயர்ப் புத்தகத்திலிருந்து அப்பாவின் பெயரை அடித்தவன் நான். பெற்ற அப்பன் பெயரையே அடித்தவன் என்று இரண்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்.

உன் கண்ணில் தையல் பட்டது. எங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லவா? ஒரு நாளைக்கு மூன்று வேட்டி மாற்றினோம். நிலைப்படிக்கு முன்னால் வந்து நின்றால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி கால் மணி நேரம் நிற்பார். தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. பவுலின் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்த இரண்டு வருஷத்தில் நீ எத்தனை தடவை வந்தாய்? ஒரே தடவை, பெட்டியை மூடுவதற்கு. ஹாஸ்டல் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது என்று நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கின்றன.

நோயல்


திருச்சிராப்பள்ளி,
5 ஜூலை 1938

நோயல்,

உனக்குக் காகிதம் வேண்டியிருந்ததாம். அதற்காக அப்பாவின் மண்டையைப் பிளந்தாயாம். ஊர் வாயை அடைக்க வேறு வழியே தெரியவில்லையா உனக்கு?

ஹாஸ்டலைச் சொல்லிக் குத்தாதே. நான் வராததற்கு ஹாஸ்டல் காரணமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பேச்சைப் பிறகு எடுக்கிறேன்.

முதலில் நீ பதில் சொல். அப்பா குடித்ததைக் கண்ணால் பார்த்தாயா? வீட்டில் ஒரு புட்டியாவது அகப்பட்டதா? எந்தக் கடையில் குடித்தார், யாரோடு குடித்தார்? இரண்டு வருஷமாக 'அப்பா குடிக்கிறார்' என்று நீ எழுதினாய், நான் நம்பினேன். ஒரு கடிதத்திலாவது இதையெல்லாம் எழுதியிருக்கிறாயா என்று நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

அடக்கத்தன்று பக்கத்து வீட்டு ஃபாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். மார்க்கெட் ரோட்டில் அப்பா விழுந்து கிடந்தபோது தூக்கிக் கொண்டுவந்தவள் அவள்தானாம். அவர் மேல் சாராய வாடையே இல்லை என்று உன்னிடம் சொன்னாளாம். உங்களுக்கு அந்த வாடை என்ன தெரியும் என்று கேட்டாயாமே. "எங்க வூட்ல அந்த வாசனையே கிடையாது அக்கா, அதனால எங்க இருந்தாலும் எனக்கு உடனே தெரியும்" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவள் பேச்சை ஏன் மதிக்கவில்லை?

பிரிஜெட்


ஜோகுபாளையம்,
9 ஜூலை 1938

அக்காவுக்கு,

கண்ணால் பார்க்கவில்லை. புட்டியும் அகப்படவில்லை. வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்கிறாயே, நீ இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. பூசையில் பிரசங்கம் நடக்கும்போது காரணமில்லாமல் சிரித்தார், அடுத்த நிமிடம் அழுதார். வேட்டி நனைந்து ரோட்டில் கிடந்தார். அல்சூரில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு, இப்படி ஒரு ஆள் இருந்தால் அவனுக்கு என்னவென்று கேள். ஒரே பதில்தான் வரும். மறைத்துக் குடிக்கிறவர்கள் வாடை வராமல் குடிப்பார்கள் என்று எனக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

சந்தேகத்தின் பேரில் நான் பெயரை அடிக்கவில்லை. சபையின் விதி உனக்குத் தெரியும், அது அப்பா எழுதிய விதி. குடிக்க மாட்டேன் என்ற வார்த்தைப்பாட்டை ஒருவர் மீறியதாகப் புகார் வந்தால் மூன்று பேர் வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். ஆமாம் என்றால் பெயரை அடிக்க வேண்டும்.

1936 ஆகஸ்டில் பங்குச் சாமியாரும் சபைத் தலைவர் ஆம்ப்ரோஸ் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் என்பதால் மூன்றாவது ஆள் நான். அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பவுலின் எல்லோருக்கும் காபி கொடுத்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். சாமியார் கேட்கத் தயங்கினார், மாமாவும் தயங்கினார். நான்தான் கேட்டேன்.

"அப்பா, நீங்க குடிச்சீங்களா?"

பதில் இல்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நன்றாக நிமிர்ந்து, குழறாமல், சிரித்த முகத்தோடு சொன்னார்.

"குடிச்சேம்பா. நல்லா இருந்துச்சு. இன்னும் இருந்தா கொஞ்சம் குடு."

சாமியார் எழுந்துவிட்டார். ஆம்ப்ரோஸ் மாமா சுவரில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அன்று சாயங்காலமே பெயரை அடித்தேன். இப்போது சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

ஹாஸ்டல் காரணமில்லை என்று எழுதினாய். ஆமாம், காரணம் அதுவல்ல. அந்த அக்டோபரில் நீயே அப்பாவுக்கு எழுதினாய். 'குடியை விடும்வரை உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன், அதுவரை உங்களுக்கு மகள் இல்லை' என்று. நான்தான் அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அப்புறம், பிரிஜெட் எழுதியிருக்கிறாளா, மறுபடி படி என்றார். மறுநாளும் படிக்கச் சொன்னார். மடிப்பில் கிழிகிற வரை அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். திட்டியது புரிந்ததா, நீ எழுதினாய் என்பது மட்டும் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் இதையும் யோசித்துக்கொள்.

நோயல்


ஜோகுபாளையம்,
14 ஆகஸ்டு 1938

அக்காவுக்கு,

ஒரு மாதமாக நீ பதில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படி. பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஆராவமுதன் சொல்லி அனுப்பினார். ஆபீசில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு அறை. உள்ளே போனதும் மருந்து நெடியில் கண் எரிந்தது. மேசை மேல் இரண்டு பீங்கான் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூளை, மருந்தில் ஊறி இறுகி, ரொட்டியை அறுக்கிற மாதிரி துண்டு துண்டாக அறுத்து வைத்திருந்தது. ஒன்று காய்ச்சலில் செத்துப்போன வேறொரு கிழவருடையது. மற்றது நம் அப்பாவுடையது. எது எது என்று டாக்டர் முதலில் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

அந்தக் கிழவருடையதில் வெளி ஓரமாகச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பட்டை. அதற்கு உள்ளே எல்லாம் வெள்ளை, கெட்டியாக, வழுவழுவென்று இருந்தது. அப்பாவுடையதிலும் அந்தச் சாம்பல் பட்டை அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கிற வெள்ளைதான் வெள்ளையாக இல்லை. பழுப்பேறி, தளர்ந்து, அங்கங்கே கடுகளவு ஓட்டைகள். அதற்குள் ஓடுகிற ரத்தக் குழாய்கள் தடித்து, நடுவில் வழியே இல்லாமல் குறுகிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து இருந்ததாம். வருஷக்கணக்காக அப்படி இருந்திருக்க வேண்டும் என்றார். இந்த மாதிரி மூளைகளைப் பற்றி ஜெர்மனியில் ஒரு டாக்டர் நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறாராம். பெரிய பெரிய டாக்டர்களே இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லையாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளை போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அவர் திருப்பிக் கேட்டார். தந்தி ஆபீஸ் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ உங்களுக்குச் சொல்றது சுலபம். வெளியில இருக்கற சாம்பல்தான் ஆபீஸ். ஆபீஸ் நன்னாவே இருக்கு, சிக்னலர் உட்கார்ந்திண்டுதான் இருக்கார். வெள்ளைங்கறது கம்பி. கம்பிதான் அங்கங்க அறுந்துபோயிருக்கு. நேர் வழியில போக முடியாத சேதி சுத்திண்டு போறது. போய்ச் சேரும், ஆனா நாழியாகும்."

கால் நகராமல் நின்றதும் அதனால்தான். வேட்டி நனைந்தது, காரணமில்லாத சிரிப்பு, அழுகை எல்லாம் அதனால்தான். நான் வாயைத் திறந்து, சாராயம் இப்படிச் செய்யுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஈரலையும் வயிற்றையும் பார்த்துவிட்டாராம். எல்லாம் இந்த வெள்ளையால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் குடி இல்லை என்று சத்தியம் செய்வேன் என்றார். உங்கள் ஈரல்கூட அவ்வளவு சுத்தமாக இருக்குமா என்று தெரியாது என்றும் சொன்னார்.

நான் கிளம்பும்போது அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். ஒரு கேள்வி கேட்டால் பதில் பிந்தி வருமா, அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால் முதல் கேள்விக்கான பதிலைச் சொல்வாரா என்று. வார்டில் அவர் அதைக் கவனித்திருக்கிறார். பொறுத்திருந்தால் சரியான பதில்தான் வருமாம்.

வீட்டுக்கு வந்து பவுலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அன்று என்ன வார்த்தைகளில் ஒத்துக்கொண்டார் என்பதையும் சொன்னேன். இந்த இரண்டு வருஷமாக அவளிடம் 'ஒத்துக்கொண்டார்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"உங்க அப்பாகிட்ட காபி டம்ளர வாங்கிக்கிறப்ப நான் கேட்டேனே, 'மாமா, குடிச்சீங்களா?'ன்னு. அவரு வாயத் திறக்கல. எப்பவும்போலன்னு நான் உள்ள போயிட்டேன். நீங்க கேட்டது அதுக்கப்புறம்தானே."

அப்போதே இதைச் சொல்வதற்கு என்ன என்று கத்தினேன். "என்னை யாரு கேட்டாங்க?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், போகிறாள்.

காபி, அக்கா. காபி நன்றாக இருந்ததாம். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நோயல்


திருச்சிராப்பள்ளி,
19 ஆகஸ்டு 1938

நோயல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பாடம் எடுக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

'குடித்தான்' என்று எழுதினால் எதைக் குடித்தான் என்று கேள், செயப்படுபொருள் எங்கே என்று தேடு. இருபது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழாசிரியையாம் நான். 'அப்பா குடிக்கிறார்' என்று நீ எழுதினாய். எதை என்று நான் கேட்டேனா? சொல்லாமல் விட்டால் சாராயம் என்றுதான் நமக்குப் பழக்கம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் அதே வார்த்தைதான், காபி குடிக்கிற கிழவனுக்கும் அதே வார்த்தைதான். நாம் எல்லோரும் சேர்ந்து அதில் சாராயத்தை ஊற்றி வைத்திருக்கிறோம்.

அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். மறக்கவில்லை. நீ ஞாபகப்படுத்தியதற்காக ஒரு மாதம் உன்னைச் சபித்துக்கொண்டிருந்தேன், அதுதான் பதில் எழுதவில்லை. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்கிறாய். அதை நினைத்தால் எனக்கு என் கையை வெட்டிப் போட வேண்டும் போல் இருக்கிறது. என்னை நான் விடப்போவதில்லை. ஆனால் நான் செய்தது ஒரு உறைக்குள் நடந்தது. நீ செய்தது ஊர் நடுவில் நடந்தது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன்.

மாதா திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, செப்டம்பர் நாலாம் தேதி, சபையில் பெயர்ப் புத்தகம் வாசிப்பாய். உயிரோடு இருக்கிறவர் பெயர் வந்தால் அவர் எழுந்து 'இருக்கிறேன்' என்பார். அந்த வருஷம் இறந்தவர் பெயர் வந்தால் சபை முழுக்க எழுந்து நின்று 'இளைப்பாறுக' என்று சொல்லும். அடித்த பெயரை வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள். இந்த வழக்கத்தை உண்டாக்கினவரும் அப்பாதான். போன இரண்டு வருஷமும் அவர் உயிரோடு இருக்கும்போதே நீ அவர் பெயரைத் தாண்டினாய். இந்த வருஷம் தாண்டக் கூடாது. ரெமிஜியஸ் என்று சத்தமாக வாசி. அவர் குடித்ததில்லை என்று சொல். யார் கேட்டது, என்ன கேட்டது, எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டது என்று எல்லாவற்றையும் சொல்.

நான் வந்து சொல்லிவிடுவேன். அந்த ஹாலில் பெண்களுக்கு இடமில்லை. இருந்திருந்தால் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

பிரிஜெட்


ஜோகுபாளையம்,
24 ஆகஸ்டு 1938

அக்காவுக்கு,

நீ திருச்சியில் உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாய். அந்த ஹாலில் நிற்கப்போவது நான். அங்கே ஐம்பது பேர் இருப்பார்கள். மூளைக்குள் வெள்ளை இருக்கிறது, அது பழுப்பாகிவிட்டது என்று சொன்னால் எனக்கும் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அப்பன் மானத்தை வாங்கினான், இப்போது காபிக் கதை கட்டுகிறான் என்று சிரிப்பார்கள். ஆம்ப்ரோஸ் மாமாவும் சாமியாரும் தங்கள் காதால் கேட்டவர்கள். அவர்கள் காதில் விழுந்தது பொய் என்று நான் எப்படிச் சொல்வது?

அப்பாவுக்காக வேறு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். வருஷம் முழுக்க மாதம் ஒரு பூசை வைக்கிறேன். கல்லறைக்கு நல்ல கல்லாகப் போடுகிறேன். செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன், வேறு யாராவது வாசிக்கட்டும். இது ஒன்றை மட்டும் கேட்காதே. செத்தவருக்கு இது தெரியப்போவதில்லை. இருக்கிறவன் நான்தான் இந்தத் தெருவில் நடமாட வேண்டும்.

நோயல்


திருச்சிராப்பள்ளி,
28 ஆகஸ்டு 1938

நோயல்,

வேறு யாராவது வாசித்தால் அடித்த பெயரைத் தாண்டித்தான் போவார்கள். அடித்திருப்பது உன் கையெழுத்தில். அதனால்தான் விலகிக்கொள்ளப் பார்க்கிறாய்.

தெருவில் நடமாட வேண்டும் என்கிறாய். அப்பாவும் அதே தெருவில்தான் இரண்டு வருஷம் நடந்தார், கால் வராமல் நடந்தார். அவரைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரித்தபோது நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போனாய்? பூசை வேண்டாம், கல்லும் வேண்டாம். வெட்கப்படப் பயந்துகொண்டு நீ செய்கிற புண்ணியம் எதுவும் எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரைத் தாண்டினால், அதற்கு அப்புறம் உன் கடிதம் எதையும் பிரிக்க மாட்டேன். மிரட்டலா என்றால் மிரட்டல்தான். இப்படி ஒரு கடிதத்தை ஏற்கெனவே ஒருவருக்கு எழுதியவள் நான், அதன் பலனும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பிரிஜெட்


ஜோகுபாளையம்,
5 செப்டம்பர் 1938

அக்காவுக்கு,

வாசித்துவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது கூட முடிவு செய்யவில்லை. பவுலின் மூன்று வாரம் கழித்து வாயைத் திறந்து, நீங்க அந்தப் பேரைப் படிக்கலேன்னா நான் ஹால் வாசல்ல நின்னு படிப்பேன் என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கழுத்தில் மணி கட்டின மாடு மாதிரி நடந்து போனேன்.

பெயர்ப் புத்தகத்தில் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் இருக்கும். நம் குடும்பத்துக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு பெயர். ஒவ்வொருவரும் எழுந்து 'இருக்கிறேன்' என்று சொல்லி உட்கார்ந்தார்கள். அடுத்தது அப்பா பெயர். நான் அடித்த கோட்டுக்கு அடியில் அது நன்றாகத் தெரிந்தது. ரெமிஜியஸ் என்று வாசித்தேன். யாரும் எழவில்லை. ஆம்ப்ரோஸ் மாமா, அது அடிச்ச பேரு என்று மெதுவாகச் சொன்னார்.

அடித்தது தப்பு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா. டாக்டரின் தட்டைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன், சுத்தமான ஈரலைச் சொன்னேன். பவுலின் கேட்ட கேள்வியைச் சொன்னேன், அதற்கு அப்பா சொன்ன பதிலைச் சொன்னேன், நடுவில் நான் புகுந்து கேட்டதைச் சொன்னேன். என் அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, அவரைக் குடிகாரன் ஆக்கியவன் நான் என்றேன். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பார்கள் என்று பயந்திருந்தேன், யாரும் சிரிக்கவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவும் இல்லை.

ஆம்ப்ரோஸ் மாமா எழுந்தார்.

"அவ்வளவுதானே, நோயலு. வியாதின்னு அப்பவே தெரிஞ்சிருந்தா அடிச்சே இருக்க மாட்டோமே. எழுதிடு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கேயே பேனாவை எடுத்து அப்பா பெயரை மறுபடி எழுதினேன். ஹால் முழுக்க எழுந்து நின்று 'இளைப்பாறுக' என்றது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பின்வரிசையில் யாரோ திருவிழாத் தேருக்கு விளக்கு கட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய பெயருக்காக ஒரு மனிதன் இரண்டு வருஷம் தலை குனிந்து நடந்தார். அவர் உயிரோடு இருக்கும்போது அந்த ஐந்து நிமிடம் இந்த ஊரில் யாரிடமும் இல்லை.

அடுத்த பெயரை வாசி என்று மாமா சொன்னார். அப்பாவுக்கு அடுத்தது என் பெயர். செயலாளர் தன் பெயரைத் தானே வாசித்துத் தானே பதில் சொல்ல வேண்டும். நோயல் என்று வாசித்தேன். 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். ஆறே எழுத்து, அது வாயில் வரவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. விளக்கைப் பற்றிப் பேசினவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பதில் வருகிற வரைக்கும் ஐம்பது பேரும் சும்மா காத்துக்கொண்டிருந்தார்கள், அக்கா. அப்பாவுக்காக நான் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

நோயல்